தங்க முயலும் இரண்டு வாத்தியார்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் ஆடும் விளையாட்டுகளில் ஒரு வகை உண்டு. திரை முழுக்கச் சாமான்கள் குவிந்த ஒரு அறை தெரியும். கீழே ஒரு பட்டியல் இருக்கும்: குடை, சாவி, பூனை, பழைய கடிகாரம். ஒவ்வொன்றாகத் தேடித் தொட வேண்டும். எல்லாம் கிடைத்தால் ஒரு புதிர் வரும், அதை அவிழ்த்தால் அடுத்த அறைக் கதவு திறக்கும், கதையும் ஒரு அடி நகரும். ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அதில் கொஞ்சம் கிறுக்குத்தனமானவைதான் எனக்குப் பிடிக்கும். 2017-ல் வந்த 'ஹிடன் ஃபோக்ஸ்' என்று ஒன்று, கறுப்பு வெள்ளையில் கையால் வரைந்த காடும் ஊருமாக இருக்கும். அதில் வருகிற சத்தம் அத்தனையையும் செய்தவர்கள் வாயாலேயே எழுப்பிப் பதிவு செய்திருக்கிறார்கள். 'சார் இந்த வயசுல கேம் ஆடுறாரா' என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். முப்பது வருஷம் சமூக அறிவியல் எடுத்தவனுக்கு எதைத் தொட்டாலும் 'இது எங்கிருந்து வந்தது' என்று கேட்கும் புத்தி போகாது. கேட்டுப் போனதில், இங்கிலாந்தில் நடந்த ஒரு கதையில் போய் நின்றேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

படத்துக்குள் பொருளை ஒளித்து வைப்பது பழைய வித்தைதான். அமெரிக்காவில் 1946-ல் தொடங்கிய 'ஹைலைட்ஸ்' என்ற சிறுவர் பத்திரிகை முதல் இதழிலிருந்தே ஒளிந்த படங்களைப் போட்டு வருகிறது. நம் வார இதழ்களின் ஆறு வித்தியாசங்களும் அதற்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. எழுத்தே தேவையில்லாத வடிவம் நம் தெருவிலேயே இருந்தது. கிச்சு கிச்சுத் தாம்பாளம் ஆடாதவர் உங்களில் யார்? மணலை நீளமாகக் குவித்து, சின்னக் குச்சியை உள்ளே கொண்டுபோய் எங்கோ விட்டுவிட வேண்டும். எதிராளி இரண்டு கையையும் கோத்து ஒரு இடத்தில் பொத்த வேண்டும். அந்த ஆட்டத்தில் சண்டை எதற்கு வரும் என்று ஞாபகம் இருக்கிறதா? பொத்திய இடத்தில் குச்சி இல்லை என்பதற்காக வராது. 'நீ குச்சியைக் கையிலேயே வச்சிருந்தே', 'நீ ஓரக்கண்ணால பாத்தே' என்றுதான் வரும். ஒளித்தவன் நேர்மையாக ஒளிக்க வேண்டும், தேடுகிறவன் நேர்மையாகத் தேட வேண்டும். விளையாட்டின் சட்டம் மொத்தமும் அவ்வளவுதான். நான் சொல்லும் கதையில் இந்தச் சட்டத்தின் இரண்டு பக்கமும் உடைந்தது.

கிட் வில்லியம்ஸ் என்று ஒரு ஆங்கில ஓவியர். 1946-ல் பிறந்தவர். பதிப்பாளர் ஒருவர், யாரும் இதுவரை செய்யாத மாதிரி ஒரு படப்புத்தகம் செய்து காட்டுங்கள் என்று அவரைத் தூண்டினார். அப்படி 1979-ல் வந்த புத்தகம் 'மாஸ்க்வரேட்'. கதை சின்னது. நிலா, சூரியன் மேல் காதல் கொண்டு ஒரு நகையைப் பரிசாகக் கொடுத்தனுப்புகிறாள். தூது போகும் முயல் அதை வழியில் தொலைத்துவிடுகிறது. நகை எங்கே என்பதைப் படிப்பவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நகை நிஜமாகவே இருந்தது. 18 காரட் தங்கத்தில் கற்கள் பதித்து ஒரு முயலை வில்லியம்ஸே தன் கையால் செய்தார். உலோகம் கண்டுபிடிக்கும் கருவிக்குச் சிக்கக் கூடாது என்று அதை ஒரு சுட்ட மண் கூட்டுக்குள் வைத்து மூடினார். 1979 ஆகஸ்டில், டிவியில் வினாடி வினா நடத்தி நாடறிந்தவரான பாம்பர் கேஸ்காய்ன் என்பவரைச் சாட்சிக்கு அழைத்துப் போய், ஒரு பூங்காவில் குழி தோண்டிப் புதைத்தார். இடம் அந்த இருவருக்குத்தான் தெரியும் என்று ஏற்பாடு.

புத்தகத்தில் 15 ஓவியங்கள். ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு முயல் ஒளிந்திருக்கும். ஓவியத்தைச் சுற்றி எழுத்துகளால் ஆன ஓரம் இருக்கும். வீட்டில் உட்கார்ந்தபடியே புதிரை அவிழ்த்து, விடை சரியென்றால் தபாலில் எழுதிப் போட்டாலும் போதும், தானே போய்த் தோண்டி எடுத்துக் கொடுப்பதாக வில்லியம்ஸ் அறிவித்தார். வெளிநாட்டு வாசகர்களுக்கும் சம வாய்ப்பு வேண்டும் அல்லவா? புத்தகம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. ஜனங்கள் மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார்கள். க்ளாஸ்டர்ஷயரில் ஹேர்ஸ்ஃபீல்ட் பீக்கன் என்று ஒரு குன்று இருக்கிறது. 'ஹேர்' என்றால் முயல் என்பதால் கூட்டம் அங்கே போய்க் கொத்த ஆரம்பித்தது. கடைசியில் 'முயல் இங்கே இல்லை' என்று ஒரு பலகை வைக்க வேண்டி வந்தது. பலகைக்குக் காசு கொடுத்தவர் வில்லியம்ஸ்.

விடை என்ன தெரியுமா? படத்தில் ஒவ்வொரு உருவத்தின் இடது கண்ணிலிருந்து இடது கையின் நீளமான விரல் வழியாக ஒரு கோடு போட வேண்டும். கோடு ஓரத்தில் இருக்கும் எழுத்து ஒன்றைத் தொடும். பிறகு இடது கண்ணிலிருந்து இடது காலின் நீளமான விரல் வழியாக. அப்புறம் வலது கண், வலது கை, வலது கால். இப்படிச் சேர்த்தால் ஒவ்வொரு ஓவியமும் ஒரு சொல்லோ சிறு தொடரோ தரும். 15 ஓவியத்துச் சொற்களையும் வரிசையாக எழுதி ஒவ்வொரு ஓவியத்துக்கும் முதலெழுத்தை மட்டும் படித்தால் 'ஆம்ப்ட்ஹில் அருகே' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் வரும். அதுவும் சரியாக 15 எழுத்து! சொற்களின் பொருளோ, சம இரவு நாளில் நண்பகல் நேரத்தில் கேத்தரினின் 'நீண்ட விரல்' தன் நிழலால் சுட்டும் இடத்தைப் பார் என்று வழி சொல்லும்.

யார் இந்தக் கேத்தரின்? என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவர்களுக்கு மதச் சீர்திருத்தப் பாடம் நினைவிருக்க வேண்டும். எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரில் முதலாமவர், அரகான் நாட்டுக் கேத்தரின். அவரை விலக்கிவிட்டு ஆன் போலினை மணக்கத்தான் ஹென்றி போப்பாண்டவரோடு முறித்துக்கொண்டான். 1533-ல் பக்கத்து ஊரான டன்ஸ்டபிளில் திருமணம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னபோது, கேத்தரின் ஆம்ப்ட்ஹில் கோட்டையில் இருந்தார். கோட்டை இன்று இல்லை. அது இருந்த இடத்தில், அவர் நினைவாக 18-ஆம் நூற்றாண்டில் நட்ட ஒரு கற்சிலுவை பெட்ஃபர்ட்ஷயரில் ஆம்ப்ட்ஹில் பூங்காவில் நிற்கிறது. அந்தச் சிலுவைதான் நீண்ட விரல். ஒரு ராணியின் துக்கம் நடந்த இடத்தை ஒரு சிறுவர் புத்தகத்தின் விடையாக வைத்த அந்த மனுஷனின் புத்தியை நினைத்து எனக்கு ஒரு நாள் முழுக்க ஆச்சரியம் அடங்கவில்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஆம்ப்ட்ஹில் ஏறக்குறைய 52 டிகிரி வடக்கு. சம இரவு நாளில் நண்பகல் சூரியன் அங்கே 38 டிகிரி உயரம்தான் ஏறும். அதனால் எந்தக் கம்பத்தின் நிழலும் அதன் உயரத்தைப் போல ஒன்றேகால் பங்குக்குச் சற்று மேல் நீளும். அதே நாளில் நம் ஊர்ப் பக்கம் நிழல் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், காலடியிலேயே சுருண்டு கிடக்கும். அங்கே நிழல் ஒரு சுட்டு விரலாக இருக்க முடிந்ததற்குக் காரணம் அந்த ஊரின் அட்சரேகை. பூகோளப் பாடத்தை 'எதுக்கு சார் இது' என்று கேட்டவர்கள் கவனிக்கவும்.

இந்தப் புதிரை முறையாக, அடிமுதல் நுனிவரை அவிழ்த்தவர்கள் இரண்டு பேர். மைக் பார்க்கர், ஜான் ரூசோ. இருவரும் இயற்பியல் ஆசிரியர்கள். பள்ளிக்கூட வேலை போக மிச்ச நேரத்தில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து விரலுக்குக் கோடு இழுக்க வேண்டும் என்ற சூட்சுமத்தைப் பிடித்தார்கள். அதற்கான குறிப்பு ஓர் ஓவியத்திலேயே இருந்தது. அதில் ஐசக் நியூட்டன் பொம்மலாட்டக்காரராக நூல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நியூட்டனைப் பார்த்து இயற்பியல் வாத்தியார்கள் சும்மா தாண்டிப் போவார்களா? 1982 பிப்ரவரியில் அவர்கள் ஆம்ப்ட்ஹில் போய்த் தோண்டினார்கள். முயல் கிடைக்கவில்லை. மண் கூடு மண்ணோடு மண்ணாகத் தெரிந்ததால், தோண்டி வெளியே போட்ட குவியலிலேயே அதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள் என்று பின்னால் சொல்லப்பட்டது.

அதே சமயத்தில் வில்லியம்ஸுக்கு கென் தாமஸ் என்ற பெயரில் ஒரு கடிதம் வந்தது. உள்ளே விளக்கம் ஏதும் இல்லை. கையால் கிறுக்கிய ஒரு வரைபடம், அவ்வளவுதான். ஆனால் இடம் சரி. இந்த ஆள் புதிரை அவிழ்க்கவில்லை, எப்படியோ ஊகித்திருக்கிறார் என்று வில்லியம்ஸுக்குப் புரிந்தது. ஆனாலும் முதலில் வந்த சரியான இடம் என்பதால் வாக்குப்படி அவரையே வெற்றியாளர் என்று ஏற்றார். தாமஸ் தோண்டினார், முயலும் கிடைத்தது. 1982 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. கொஞ்ச நாளில் பார்க்கர், ரூசோ இருவரின் முழு விடையும் வில்லியம்ஸ் கைக்கு வந்து சேர்ந்தது. கோடு கோடாக, சொல் சொல்லாக, அவர் மனதில் போட்டு வைத்த அதே வழி. அதைப் படித்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

நம் பள்ளியில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார், உங்களுக்குத் தெரியும். விடை மட்டும் எழுதி ஸ்டெப் போடாத பேப்பருக்கு முழு மார்க் போட மாட்டார். 'விடை பக்கத்து பெஞ்சிலேயும் கிடைக்கும், ஸ்டெப்பு உன் மண்டையில மட்டும்தான்டா கிடைக்கும்' என்பார். வில்லியம்ஸ் ஸ்டெப்புக்கு மார்க் என்று விதி போடாமல் விட்டதை அவரிடம் சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

முயல் கிடைத்த பரபரப்பு அடங்கவில்லை. வீட்டுக்கு வீடு சின்னக் கம்ப்யூட்டர் நுழைந்த காலம் அது. டிவியில் இணைத்து, கேசட்டை ஓடவிட்டு விளையாட்டை ஏற்ற வேண்டும். அதில் இரண்டு விளையாட்டுகள் 'மாஸ்க்வரேட்' வழியில் நிஜப் பரிசோடு வந்தன. நாம் இன்று போனில் தேடித் தேடித் தொடுகிற ஆட்டத்துக்கு இவை பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது 'பைமேனியா', 1982. போர்ட்ஸ்மத் நகரத்து ஆட்டோமேட்டா என்ற சிறு நிறுவனத்தின் மெல் க்ரவுச்சரும் கிறிஸ்டியன் பென்ஃபோல்டும் வெளியிட்டது. கிறுக்குத்தனத்தில் அதை மிஞ்ச ஆள் இல்லை. பெரிய மூக்கோடு 'பை மேன்' என்று ஒரு ரோஸ் நிறப் பிராணி. விளையாட்டைத் தொடங்கவே ஒரு 'சாவி' வேண்டும். அந்தச் சாவி, கீபோர்டில் இருக்கும் 'பை' என்ற கணிதக் குறிக்கான விசை! பரிசு 6,000 பவுண்டு மதிப்புள்ள தங்கச் சூரிய கடிகாரம். எந்த இடத்துக்கு எந்த நாளில் வர வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று வருஷம் போயிற்று. 1985-ல் இரண்டு பெண்கள் சரியான நாளில் சரியான இடத்தில் போய் நின்றார்கள். இடம், கிழக்கு சசெக்ஸில் லிட்லிங்டன் அருகே குன்றுச் சரிவில் சுண்ணாம்பில் வெட்டிய வெள்ளைக் குதிரை. நாள், ஜூலை 22. ஏன் என்று யோசியுங்கள். 22, பிறகு 7. இருபத்திரண்டின் கீழ் ஏழு, நாம் வட்டத்தின் பரப்புக்குப் போடும் அதே பை! ஒளித்தவர்கள் நேர்மையாக ஒளித்தார்கள், தேடியவர்கள் புத்தியால் தேடினார்கள். இந்தப் பகுதியை எழுதும்போது எனக்கே வாயெல்லாம் பல்.

இரண்டாவது 'ஹேர்ரெய்ஸர்', 1984. வெளியிட்டது ஹேர்சாஃப்ட். பரிசு என்ன தெரியுமா? அதே ஆம்ப்ட்ஹில் தங்க முயல், வேண்டாமென்றால் 30,000 பவுண்டு ரொக்கம். இரண்டு பாகமாக விற்றார்கள், ஒவ்வொன்றும் 8.95 பவுண்டு. ஒன்றை வாங்கினால் மற்றதையும் வாங்கியாக வேண்டும். உள்ளே என்ன இருந்தது? புல், மரம், வெயில். குறுக்கே ஒரு முயல் ஓடும். சம்பந்தமில்லாத ஒரு வரி ஓடும். அம்புக்குறி விசையை அழுத்தினால் இன்னொரு புல், இன்னொரு மரம். எதைக் கவனிக்க வேண்டும், எதை எதோடு சேர்க்க வேண்டும் என்பதற்கு ஒரு பிடியும் இல்லை. பரிசை யாரும் வெல்லவில்லை. இதுவரை வந்ததிலேயே மோசமான விளையாட்டுகளில் ஒன்று என்று இன்றும் திட்டு வாங்குகிறது. கம்பெனி நொடித்துப் போனது. கடனுக்காக முயல் 1988 டிசம்பரில் லண்டன் சதபீஸ் ஏலத்துக்கு வந்து 31,900 பவுண்டுக்குப் போனது. அதைச் செய்த வில்லியம்ஸும் ஏலத்துக்கு வந்திருந்தார். 6,000 பவுண்டு வரை கேட்டுப் பார்த்தார், அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

அதே மாதம் 'சண்டே டைம்ஸ்' உண்மையை வெளியிட்டது. கென் தாமஸ் என்று ஒரு ஆளே இல்லை. அது டுகல்ட் தாம்சன் என்பவர் வைத்துக்கொண்ட பெயர். ஹேர்சாஃப்டை ஆரம்பித்தவரும் இவர்தான்! இவருடைய தொழில் கூட்டாளி, வில்லியம்ஸோடு முன்பு ஒன்றாக வாழ்ந்த பெண்ணுக்கு இப்போது நண்பர். முயல் ஆம்ப்ட்ஹில் பக்கம்தான் இருக்கும் என்பது அந்தப் பெண் மூலம் கசிந்தது என்று பத்திரிகை எழுதியது. ஊர் தெரிந்துவிட்டது, துல்லியமான இடம் தெரியவில்லை. அதனால்தான் விளக்கமில்லாத வரைபடம். தன் புதிர் இப்படிக் களங்கப்பட்டதே என்று வில்லியம்ஸ் நொந்து போனார்.

கிச்சு கிச்சுத் தாம்பாளத்தில் எதிராளி ஓரக்கண்ணால் பார்த்தால் அன்றைய ஆட்டம் போச்சு, அவ்வளவுதான். இங்கே ஓரக்கண்ணால் பார்த்தவரே அடுத்த ஆட்டத்தில் ஒளிக்கிறவராகவும் உட்கார்ந்துவிட்டார். ஒளிப்பது என்பது தேடுகிறவனுக்குக் கொடுக்கும் ஒரு மரியாதை. நீ யோசித்தால் உனக்குக் கிடைக்கும்படி வைத்திருக்கிறேன் என்று சொல்லாமல் சொல்வது. கேள்வித்தாள் தயாரித்தவர்களுக்கு இது தெரியும். ஹேர்ரெய்ஸரில் அது துளியும் இல்லை, வெறும் புல்தரை.

வில்லியம்ஸ் தன் அடுத்த புத்தகத்தை இதே 1984-ல்தான் கொண்டு வந்தார். அட்டையில் பெயரே இல்லை. தலைப்பு என்ன என்பதைப் படிப்பவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததையும் எழுத்தில் எழுதாமல் வேறு ஏதாவது வடிவத்தில் செய்து காட்ட வேண்டும். இந்த முறை மண்ணில் புதைத்த பொருள் எதுவும் இல்லை. காதில் விழுந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு யாரும் போய்த் தோண்டவும் முடியாது. செய்தவன் கைவேலைதான் விடை. பத்திரிகைச் செய்தி வருவதற்கு நாலு வருஷம் முன்பே, கென் தாமஸின் வரைபடத்தைப் பார்த்ததிலேயே அவருக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பிறகு வந்தவர்கள் தங்கத்தை விட்டுவிட்டார்கள். 1987-ல் மார்ட்டின் ஹாண்ட்ஃபோர்ட் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட பனியனோடு வாலி என்ற ஆளைக் கூட்டத்துக்குள் ஒளித்தார். 1992-ல் ஜீன் மார்சோலோ பாட்டெழுத, வால்டர் விக் பொம்மைகளையும் பொத்தான்களையும் அடுக்கிப் படமெடுக்க, 'ஐ ஸ்பை' வந்தது. 2005-ல் சியாட்டிலின் பிக் ஃபிஷ் கம்பெனி 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்' வெளியிட்ட பிறகுதான் கீழே பட்டியல் போடும் இன்றைய ஆட்டம் எங்கும் பரவியது. அந்தப் பட்டியலையும், திணறும்போது உதவும் 'ஹின்ட்' பொத்தானையும் சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்ன ஒளித்திருக்கிறேன் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள், இன்னின்ன பாடத்திலிருந்து கேள்வி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற மாதிரி. எல்லாவற்றையும் கண்டுபிடித்தால் கையில் ஒரு பைசா வராது. வராததால் யாரும் ஓரக்கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஏலத்தில் போன முயல் தனியார் ஒருவரிடம் இருபது வருஷம் இருந்தது. 2009-ல் பிபிசி வில்லியம்ஸைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தபோது, அதற்காக முயலை அவரிடம் கொண்டு வந்து காட்டினார்கள். அவருக்கு அப்போது அறுபது வயது தாண்டியிருந்தது. முப்பது வருஷத்துக்கு முன் தானே செய்து, தானே மண்ணுக்குள் வைத்த அந்தச் சின்னத் தங்க முயலைக் கையில் வாங்கிப் பார்த்தார்.